மெல்ல வாருங்கள் என்பதே நன்றி: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, எங்கள் அணித் தோழர்களே, படிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் அவையோரே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். வருஷக்கணக்கில் விடாமல் எழுதிய ஓர் எழுத்தாளர் ஓய்வுக்குப் போகிறார். அவருக்கு வாசகர் காட்டும் உண்மையான நன்றி எது? "சீக்கிரம் வாருங்கள்" என்று அழைத்துக்கொண்டே இருப்பதா, "மெல்ல வாருங்கள்" என்று விட்டுவைப்பதா? நாங்கள் இரண்டாவது கட்சி.

எதிரணி நண்பர் மூன்று வாதம் வைத்தார். கூப்பிடுவதுதான் அன்பின் அடையாளம், கூப்பிட ஆள் இல்லாவிட்டால் எழுத்தாளர் சோர்ந்துபோவார் என்றார். வாசகர்கள் கூச்சல் போட்டதால்தான் கதையில் செத்துப்போன துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் எழுந்து வந்தார் என்றார். கடைசியாக, இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று ஒரு பழமொழியைப் போட்டுக் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும். வாதங்களை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

கிணற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம். இறைத்த கிணறு ஊறும், சரி. எப்போது ஊறும்? இறைப்பதை நிறுத்திய பிறகு. சாயங்காலம் வரை இறைத்துவிட்டு ராத்திரி விட்டுவைத்தால் விடியும்போது மட்டம் ஏறியிருக்கும். ராத்திரியும் விடாமல் இறைத்தால் முதலில் கலங்கல் வரும், அப்புறம் சேறு வரும், அதற்கும் அப்புறம் வாளி பாறையில் மோதுகிற சத்தம் மட்டும் வரும். நண்பர் பழமொழியில் பகலை எடுத்துக்கொண்டு ராத்திரியை எங்களுக்கு விட்டுவிட்டார். எங்களுக்கு அது போதும்.

இந்த இடத்தில் ஒரு பாட்டோ செய்யுளோ வரும் என்று அவை எதிர்பார்க்கும். நான் கணக்கு சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரத் தொடர் எழுதுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓர் அத்தியாயம் 1,500 சொல். வருஷத்துக்கு 52 வாரம். மொத்தம் 78,000 சொல். ஓரளவு பெரிய நாவலின் அளவு அது. இது அச்சில் வந்த கணக்கு மட்டும். எழுதி அடித்தது, பாதியில் விட்டது, திருப்பி எழுதியது எல்லாம் சேர்த்தால் இன்னொரு மடங்கு ஆவது சர்வ சாதாரணம்.

அத்தியாயம் எழுதி முடித்தால் வேலை முடிந்ததா? பெயர், தேதி, ஊர்த் தூரம் எல்லாம் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர் குழு கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓவியர் படம் போட நாள் வேண்டும் என்பதால் அத்தியாயம் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். பிறகு பக்கம் கட்டி புரூஃப் வரும். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் உள்ளே நுழைந்திருக்கும், பன்னிரண்டு வரி குறைக்கச் சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு வரியை வெட்டினால் ஐந்து வாரம் கழித்து வரப்போகும் திருப்பம் கெடாமல் இருக்கும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இதற்குள் அடுத்த அத்தியாயத்தின் கெடு வந்துவிடும். வாசகர் இன்றைக்குப் படித்து முடித்து "அப்புறம் என்ன?" என்று கேட்கும் இடத்தை எழுத்தாளர் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தாண்டிப் போயிருப்பார். அவர் மண்டையில் ஓடுவது வேறு அத்தியாயம்.

இப்போது ஓய்வுக் கணக்கு. அந்த மனிதர் நான்கு வாரம் லீவு எடுக்க நினைக்கிறார். தொடர் நிற்கக் கூடாது என்றால் நான்கு அத்தியாயத்தைக் கையிருப்பாகச் சேர்த்துவைத்துவிட்டுப் போக வேண்டும். எட்டு வாரத்தில் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்கு எட்டு, கையிருப்புக்கு நான்கு, ஆகப் பன்னிரண்டு. வாரத்துக்கு ஒன்று எழுதிக் களைத்தவர் ஒன்றரை எழுதுகிறார். ஓய்வுக்குப் போகும் முந்தைய இரண்டு மாதம்தான் அவர் ஆயுளிலேயே கடுமையான இரண்டு மாதம். நமக்கு அது தெரிவதில்லை. தொடர் தடையில்லாமல் வருகிறது, ஆகவே மனிதர் நன்றாக இருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அதனால்தான் விவரம் தெரிந்த பத்திரிகைகள் கையிருப்பு கேட்காமல், "நான்கு வாரம் தொடர் வராது" என்று வெளிப்படையாகவே போட்டுவிடுகின்றன. ஜப்பானில் 1997 ஜூலையில் தொடங்கிய 'ஒன் பீஸ்' சித்திரத் தொடரை வாரந்தோறும் வரைந்துவந்த எயிச்சிரோ ஓடா, 2022 ஜூன் கடைசியிலிருந்து நான்கு வாரம் நிறுத்தினார். கதையின் கடைசிப் பெரும்பகுதிக்குத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டே நிறுத்தினார். கால் நூற்றாண்டு ஓட்டத்துக்குப் பிறகு நான்கு வாரம். இதைக் கேட்டு "ஐயோ, நான்கு வாரமா!" என்பவர் எதிரணி. "நான்கே வாரமா?" என்பவர் எங்கள் அணி.

உடம்பைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்ற நினைப்பு. விசைப்பலகையில் வருஷக்கணக்கில் மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தால் அங்கே இருக்கும் குறுகிய வழியாகப் போகும் நரம்பு நசுங்க இடம் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிவிடும், அதற்குப் போகும் நரம்பு வேறு. ராத்திரிதான் அதிகம் படுத்தும். தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொள்வார்கள். இதற்கு முதல் சிகிச்சை, மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் பட்டையை ராத்திரியில் கட்டிக்கொண்டு, கைக்கு வேலை கொடுக்காமல் இருப்பது. அதுவும் பல வாரம். கண்ணும் அப்படித்தான். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துபோகிறது, கண் காய்ந்து எரிகிறது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியிருப்பதை இருபது விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். கெடு தலைக்கு மேல் இருப்பவர் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கெடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் ஓய்வில் இருக்கும்போது "எப்போது வருவீர்கள்?" என்று ஒரு மெசேஜ் போகிறது. அனுப்பியவருக்கு அது ஒரு வரி. அதே நாளில் அதே வரியை முந்நூறு பேர் அனுப்பினால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷத்தில் பதில் போட்டாலும் ஐந்து மணி நேரம். மரத்துப்போன அதே விரலால்.

நண்பர் உடனே எழுந்து, பதில் போடாமல் விட்டுவிடலாமே என்பார். விடலாம். விட்டால் "தலைக்கனம் வந்துவிட்டது" என்று இரண்டாவது மெசேஜ் வரும். அதையும் விட்டால் வதந்தி வரும். நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1837 மே மாதம் சார்லஸ் டிக்கன்ஸின் மனைவியின் தங்கை, பதினேழு வயதுப் பெண், திடீரென்று இறந்துபோனாள். அப்போது டிக்கன்ஸ் மாதந்தோறும் வரும் தொடர்கள் இரண்டை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடவில்லை, ஜூன் மாதம் இரண்டும் வரவில்லை. ஒரே ஒரு மாதம்! மறுபடி தொடர் வந்தபோது வாசகருக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அதில் தன்னைப் பற்றிக் கிளம்பிய கதைகளை அவரே வரிசையாகச் சொல்கிறார்: செத்துவிட்டார் என்று ஒரு கூட்டம், பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒரு கூட்டம், கடனுக்காகச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம், கப்பலேறி அமெரிக்காவுக்கே போய்விட்டார் என்று நான்காவது கூட்டம். துக்க வீட்டில் இருந்த மனிதர் தான் உயிரோடு இருப்பதற்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வாசகர்கள் கெட்டவர்களா? ஆசை ஆசையாகப் படித்தவர்கள்தான். அடக்கத் தெரியாத ஆவல் அப்படித்தான் வேலை செய்யும்.

ஹோம்ஸுக்கு வருகிறேன். எதிரணியின் பிரம்மாஸ்திரம் அது. ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் அவரை ஸ்விட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியில் தள்ளிய கதை 1893 டிசம்பரில் வந்தது. வாசகர்கள் கொதித்தார்கள், கடிதம் எழுதித் திட்டினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஹோம்ஸ் மறுபடி பத்திரிகையில் தலைகாட்டியது 1901 ஆகஸ்டில். நடுவர் அவர்களே, கூச்சலுக்கும் வரவுக்கும் நடுவில் ஏழரை வருஷத்துக்கு மேல் இருக்கிறது! கூப்பிட்டதும் வந்தார் என்று சொல்ல இது கூப்பிடு தூரமா? அந்த இடைவெளியில் டாயில் வேறு கதைகள் எழுதினார், 1900இல் போர் நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய் மருத்துவராக வேலை பார்த்தார். பிறகு ஒரு பத்திரிகை நண்பர் இங்கிலாந்தின் டார்ட்மூர் பக்கத்து பேய்நாய்க் கதை ஒன்றைச் சொல்ல, அது மனதில் பிடித்துக்கொண்டது. முதலில் அதில் ஹோம்ஸே கிடையாது. கதை வளர்ந்தபோது அதற்கு ஒரு துப்பறிவாளர் தேவைப்பட்டார், கையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அப்போதும் உயிர்ப்பிக்கவில்லை, அருவிக்கு முன்னால் நடந்த சம்பவமாகத்தான் எழுதினார். முழுசாக எழுப்பிக் கொண்டுவந்தது 1903இல். அதற்குப் பெரிய தொகை ஒரு காரணம் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் 1893இன் கூச்சலை 1901இன் கதைக்குத் தாயார் ஆக்காதீர்கள். அந்தக் கதையைக் கொடுத்தது இடைவெளி.

இடைவெளி என்ன கொடுக்கும் என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி பில் வாட்டர்சன். அவர் வரைந்தது 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' என்ற நாளிதழ் சித்திரக்கதை. தினமும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பெரியது. அவர் 1991 மே முதல் 1992 பிப்ரவரி வரை ஒன்பது மாதம் நிறுத்தினார். அத்தனை மாதமும் பத்திரிகைகளில் பழைய சித்திரங்களே வந்தன. திரும்பி வந்தவர் ஞாயிறு சித்திரத்தின் அமைப்பையே மாற்றிக்கொண்டு வந்தார். அதுவரை பத்திரிகைகள் தங்கள் வசதிக்கு வெட்டி ஒட்டும் கட்டங்களாகத்தான் வரைய முடிந்தது. இனி அரைப்பக்கம் முழுசாக வேண்டும், வெட்டக் கூடாது என்றார், கிடைத்தது. கட்டத்தின் அளவையும் எண்ணிக்கையையும் கதைக்கு ஏற்ற மாதிரி போட்டு வரைந்தார். தினசரிக் கெடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர் அடுத்த நாள் சித்திரத்தை யோசிப்பார். சித்திரத்தின் வடிவத்தை யோசிக்க அவருக்கு ஏது நேரம்? 1994இல் மறுபடி ஒன்பது மாதத்துக்குக் கிட்ட ஓய்வு எடுத்தார். 1995 டிசம்பர் 31 அன்று மொத்தமாக முடித்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா, ஓய்வு கொடுத்தால் ஒரேயடியாகப் போய்விடுகிறார்கள்!" என்று எதிரணியில் ஒரு குரல் கேட்கிறது. ஆமாம், போவார்கள். போவதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. நன்றி என்பது ஏற்கெனவே பெற்றதற்குச் செலுத்துவது. இனி வரப்போவதற்குக் கொடுத்தால் அது முன்பணம். முன்பணம் கொடுத்தவர் பொருளைக் கேட்டு வாசலில் நிற்பார். எதிரணி நிற்பது அந்த வாசலில்தான்.

சார்ல்ஸ் ஷுல்ஸையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 'பீநட்ஸ்' சித்திரக்கதையை 1950 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் உதவியாளர் இல்லாமல் தாமே வரைந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எடுத்த நீண்ட ஓய்வு, எழுபத்தைந்தாவது பிறந்தநாளை ஒட்டி 1997 கடைசியில் ஐந்து வாரம். ஐம்பது வருஷத்துக்கு ஐந்து வாரம். இந்தக் கணக்கை நண்பர் மனதில் போட்டுப் பார்க்கட்டும்.

நண்பரின் முதல் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். யாருமே எதுவுமே சொல்லாவிட்டால் எழுத்தாளர் சோர்ந்துதான் போவார். நாங்கள் மௌனத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பேசுங்கள், எழுதுங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் நன்றியைக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். நம் கடிதங்களில் இது கலந்துதான் இருக்கிறது. முதல் பத்தி முழுக்கப் பாராட்டு, கடைசி வரியில் "அடுத்த பாகம் எப்போது?" என்று ஒரு கேள்விக்குறி. மேலே இருக்கும் பாராட்டு மொத்தமும் அந்தக் கேள்விக்குக் கொடுத்த கூலி ஆகிவிடுகிறது.

சரி, எப்படித்தான் எழுதுவது? எதிரணி கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், அவையில் பலருக்குப் பயன்படும்.

எட்டுப் பத்து வரி போதும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் அதைப் படிப்பதே அவருக்கு வேலை. "உங்கள் எழுத்து அருமை" என்று பொதுவாகச் சொல்வதால் பிரயோஜனம் இல்லை. அதை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். ஓர் இடத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். எந்தக் காட்சி, எந்தப் பாத்திரம், அது உங்களுக்கு என்ன செய்தது. தான் ராத்திரி இரண்டு மணிக்கு வெட்டலாமா வேண்டாமா என்று தடுமாறிய வரி யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிவதுதான் அவருக்குச் சம்பளத்துக்கு மேல் வரும் சம்பளம். கேள்வி கேட்காதீர்கள். ஒரு கேள்விகூட வேண்டாம். நலம் விசாரிக்கும் கேள்விக்கும் பதில் எழுதத்தான் வேண்டும். "பதில் எழுத வேண்டாம்" என்பதைத் தெளிவாகப் போடுங்கள். பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்புங்கள், வீட்டு முகவரியைத் தேடாதீர்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம், வாசிக்கிறேன்: "மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம். உங்கள் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து படித்து வந்தேன். படகுக்காரர் கூலியை வாங்காமல் துடுப்பைக் கரையில் சாய்த்துவிட்டுப் போகும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேற்கொண்டு படிக்க முடிந்தது. அவர் ஏன் பேசாமல் போனார் என்பது இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் பிடிபட்டது. நீங்கள் ஓய்வில் இருப்பதாக அறிந்தேன். நல்ல முடிவு. என்னிடம் உங்கள் பழைய புத்தகங்கள் இருக்கின்றன, அவை எனக்கு இன்னும் பல நாளைக்கு வரும். பதில் எழுத வேண்டாம். அன்புடன், ஒரு வாசகர்." இவ்வளவுதான். இதில் அவரை நாற்காலியை விட்டு எழுப்பும் சொல் ஒன்றாவது இருக்கிறதா என்று நடுவர் தேடிப் பார்க்கலாம்.

சேர்க்கக் கூடாதவை இரண்டு மூன்று உண்டு. உங்கள் சொந்தக் கைப்பிரதியை இணைக்காதீர்கள். "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று 400 பக்கத்தை அனுப்புவது ஓய்வில் இருப்பவருக்கு ஆபீஸ் வைத்துக் கொடுப்பது. கதை இப்படிப் போகலாம் என்று யோசனை சொல்லாதீர்கள். இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. அவர் ஏற்கெனவே அதே திருப்பத்தை யோசித்து வைத்திருந்தால், நாளைக்கு அதை எழுதும்போது "என் யோசனையைத் திருடிவிட்டார்" என்று பேச்சு கிளம்பும். அந்தப் பயத்தாலேயே பல எழுத்தாளர்கள் யோசனை சொல்லும் கடிதத்தைப் பாதியில் மூடிவிடுவார்கள். உங்கள் பாராட்டும் அதோடு சேர்ந்து மூடப்படும். பிழை கண்டால்? சொல்லுங்கள், நல்ல காரியம். ஆனால் அது தனிக் கடிதம், பதிப்பகத்துக்கு. எத்தனையாவது பதிப்பு, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன. இந்த ஐந்தும் இருந்தால் அடுத்த அச்சில் திருத்திவிடுவார்கள். "நிறையப் பிழை இருக்கிறது" என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது, மனதை மட்டும் கெடுக்கலாம்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். ஓய்வு அறிவித்த முதல் வாரத்தில் கடிதம் குவியும். மூன்றாம் மாதம் ஒன்றும் வராது. "மறந்துவிட்டார்களோ" என்று அவருக்குத் தோன்றுவது அந்த மூன்றாம் மாதத்தில்தான். எதிரணி நண்பர் சொன்னாரே, கூப்பிடாவிட்டால் சோர்ந்துபோவார் என்று, அந்தச் சோர்வு வரும் நேரம் அதுதான். அப்போது போய்ச் சேரும்படி அனுப்புங்கள். முதல் வாரக் கும்பலில் முந்நூறில் ஒன்றாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடிதத்தைவிடச் சத்தமில்லாத நன்றி ஒன்று இருக்கிறது: பணம். இதைச் சொன்னால் இலக்கிய மேடையில் சிலருக்கு முகம் சுளிக்கும். ஓய்வில் இருப்பவருக்குப் புதுப் புத்தகம் கிடையாது, தொடருக்கான ஊதியம் கிடையாது. முன்பே எழுதிய புத்தகத்தின் விற்பனையில் வரும் பங்கான ராயல்டிதான் அடுப்பை எரிக்கும். அச்சுப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் விலையில் பத்தில் ஒரு பங்கு, பல ஒப்பந்தங்களில் அதற்கும் கீழே. கணக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருஷத்துக்கு ஒருமுறையோதான் தீர்ப்பார்கள். நீங்கள் இன்றைக்கு வாங்கும் முந்தைய புத்தகத்தின் காசு அவர் கைக்குப் போகப் பல மாதம் ஆகலாம். ஆகவே ஓய்வு தொடங்கும்போதே வாங்குங்கள். முடியும் தறுவாயில் வாங்கினால் அந்தக் காசு ஓய்வுக்கு உதவாது. முந்தைய புத்தகம் விற்றால் இன்னொரு நன்மையும் உண்டு. கிடங்கில் தீர்ந்தால்தான் மறுபதிப்பு போடுவார்கள். மறுபதிப்பு வரும் எழுத்தாளர் சந்தையில் மறக்கப்படுவதில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

வாங்க வசதி இல்லாதவர் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். டென்மார்க் 1946இல் தொடங்கிவைத்த முறை ஒன்று பல நாடுகளில் இருக்கிறது. பொது நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்காக அரசு எழுத்தாளருக்குத் தொகை தரும். பிரிட்டன் இதற்கு 1979இல் சட்டம் போட்டது. அங்கே எத்தனை முறை இரவல் போகிறது என்பதை வைத்துக் கணக்கு. அந்த ஏற்பாடு இருக்கும் இடங்களில் ஒரு வாசகர் அட்டையைக் காட்டி இலவசமாக எடுத்துப் போவதே எழுத்தாளருக்குச் செய்யும் உதவி. ஏற்பாடு இல்லாத இடத்திலும் யாரும் எடுக்காத புத்தகத்தை அலமாரியிலிருந்து கழித்துவிடுவார்கள், எடுத்தால் நிற்கும். ஆனால் "ஆசிரியர் ஓய்வில் இருக்கிறார், அவர் நினைவாக அவருடைய எல்லாப் புத்தகமும் இதோ பிடிஎஃப்" என்று குழுவில் போடுகிறார்கள் பாருங்கள், அந்த நன்றியைப் பற்றி எதிரணியே பேசட்டும். எனக்கு வார்த்தை வரவில்லை.

இன்னொரு சந்தேகம் அவையில் சிலருக்கு இருக்கும். சந்தா கட்டியிருக்கிறேன், தொடர் நின்றுவிட்டது, கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேளுங்கள். பத்திரிகையைக் கேளுங்கள். சந்தாக் காலத்தை நீட்டுவதும் பணத்தைத் திருப்புவதும் அவர்கள் வேலை. பணம் வாங்கியவர் ஒருவர் இருக்க, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு படுத்திருப்பவரிடம் ரசீதை நீட்டாதீர்கள்.

"சரி, மெல்ல வரட்டும். ஒருநாள் வருகிறேன் என்று அறிவித்த பிறகாவது அவசரப்படலாமா?" என்று கேட்பார்கள். அப்போதும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், காரணம் இருக்கிறது. நீண்ட தொடருக்கு எழுத்தாளர்கள் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். பாத்திரத்தின் பெயர், கதை தொடங்கும்போது வயது, கண் நிறம், எந்தத் தோளில் காயம், எந்த அத்தியாயத்தில் பட்டது. வயதும் காயமும் சுலபம். அதிகம் தவறு நேரும் பத்தி வேறொன்று: எந்த ரகசியம் யாருக்கு எப்போது தெரிந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தம்பிக்குத் தெரியாத ஒன்றை நாற்பதாம் அத்தியாயத்தில் தம்பி போகிற போக்கில் சொல்லிவிட்டால் மொத்தக் கதையும் ஓட்டையாகிவிடும். தினமும் எழுதிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் தலைக்குள் இருந்தது. ஆறு மாதம் கழித்து வந்தால் தலையில் இருக்காது, நோட்டில் பாதிதான் இருக்கும். தன் கதையைத் தானே முதலிலிருந்து படிக்க வேண்டும். மூன்று லட்சம் சொல் என்றால் நிமிஷத்துக்கு 200 சொல் வேகத்தில் 1,500 நிமிஷம். இருபத்தைந்து மணி நேரம், குறிப்பு எடுக்காமல் வெறுமனே படிக்க மட்டும். அதன் பிறகுதான் முதல் வரி. அந்த முதல் இரண்டு மூன்று அத்தியாயம் பெரும்பாலும் குப்பைக்குப் போகும், பழைய குரல் பிடிபடும் வரை. அவர் திரும்பி வரும் நாளும் அத்தியாயம் நம் கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல என்று வாசகர் தெரிந்து வைத்துக்கொண்டால், வந்த அன்றைக்கே "எங்கே?" என்று கேட்க மாட்டார்.

கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? குரல் பிடிபடாத அந்த அத்தியாயங்களே அச்சுக்குப் போகும். "பழைய மாதிரி இல்லையே" என்று முதலில் சொல்லப்போவதும் அதே அவசரக்காரர்தான்.

நடுவர் மணியைத் தொடுகிறார், பார்த்துவிட்டேன். கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

ஸ்காட்லாந்து நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். 1826இல் அவர் கூட்டாளியாக இருந்த அச்சகமும் அவர் புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகமும் முறிந்து, லட்சம் பவுண்டுக்கும் மேல் கடன் தலையில் விழுந்தது. திவால் ஆக மறுத்து, எழுதியே அடைக்கிறேன் என்று உட்கார்ந்தார். நாவல், வரலாறு, வாழ்க்கை வரலாறு என்று கட்டுக்கட்டாக எழுதினார். வாசகர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள், கடன் இறங்கிக்கொண்டே வந்தது. 1830இல் பக்கவாதம் தாக்கியது. மருத்துவர்கள் எழுதாதே என்றார்கள், அவர் எழுதினார். மறுவருஷம் மறுபடி தாக்கியது. அப்போதுதான் நாட்டுக்கு நன்றி ஞாபகம் வந்தது. 1831 அக்டோபரில் அரசாங்கம் பார்ஹம் என்ற போர்க்கப்பலிலேயே அவருக்கு இடம் கொடுத்து, மத்தியதரைக் கடலுக்கு ஓய்வுக்காக அனுப்பிவைத்தது. எவ்வளவு பெரிய மரியாதை! அந்தப் பயணத்திலும் அவர் மால்டா முற்றுகையை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அது அவர் உயிரோடு இருந்தவரை அச்சில் வரவில்லை. 1832 செப்டம்பர் 21 அன்று வீட்டில் இறந்துபோனார். அவரை விரட்டியது கடன், வாசகர் அல்ல என்று எதிரணி சொல்லும். ஒப்புக்கொள்கிறேன். விரட்டியது யாராக இருந்தாலும், நிறுத்தத் தெரியாத அளவுக்கு அந்தக் கை பழகிப்போயிருந்தது. ஓய்வு கொடுத்த கப்பலிலேயே அவரால் ஓய்வெடுக்க முடியவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையாருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கப்பல் புறப்படும் நாளில் துறைமுகத்தில் உங்கள் அணி நின்றிருந்தால், ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் ஸ்காட்டைப் பார்த்து என்ன சொல்லியிருப்பீர்கள்? "சீக்கிரம் வாருங்கள்" என்றா? பதிலை இந்த மேடையில் சொல்லிவிட்டு மற்ற வாதத்துக்குப் போங்கள்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.